ஆர்.எக்ஸ். 100: பெயிண்ட் அடிக்கும் முன் செய்ய வேண்டியவை

1989 மாடல் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் ஒன்றை வாங்கி, கோவையில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவிலேயே முழுசாகப் பிரித்து, சரிசெய்து, மறுபடி பூட்டி ரோட்டில் இறக்கியிருக்கிறேன். வாங்கிய விலை 62,000 ரூபாய். அதற்கு மேல் ஆன செலவு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் முப்பதாயிரத்துக்குக் குறையாத பணம், ஒருமுறை செய்த வேலையையே மறுபடி செய்ததில் போனது. காலம் ஒன்றரை வருடத்துக்கும் மேல். இந்த வண்டியைப் பற்றிப் பெருமை பேச ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் தொட வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. வீடியோக்களில் துருப்பிடித்த வண்டி உள்ளே போகிறது, பளபளவென்று வெளியே வருகிறது, நடுவில் நடப்பதை யாரும் காட்டுவதில்லை. எனக்கு நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பணமோ நிம்மதியோ கொஞ்சம் மிஞ்சினால் சந்தோஷம்.

முதலில் வாங்குவது. யமஹாவும் எஸ்கார்ட்ஸும் சேர்ந்து இந்த வண்டியை 1985 நவம்பரில் கொண்டு வந்தன, 1996 மார்ச்சில் உற்பத்தி நின்றது. இது தெரிந்திருந்தாலே பாதி ஏமாற்று வேலை பிடிபட்டுவிடும். 98 மாடல் ஆர்.எக்ஸ். 100 என்று ஒருவர் சொன்னால், ஒன்று பதிவில் ஏதோ கோளாறு இருக்கிறது, இல்லை அது பின்னால் வந்த ஆர்.எக்ஸ்.ஜி. மாதிரி வேறு வண்டி. எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் '1எல்1' என்று ஆரம்பிக்க வேண்டும். இரண்டையும் ஆர்.சி. புக்கோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்ட வண்டிகளுக்கு இன்றைக்கும் மவுசு அதிகம் என்பதால், 'ஜப்பான் எஞ்சின் சார்' என்ற வார்த்தைக்கு மட்டும் பத்தாயிரம், இருபதாயிரம் கூட்டிக் கேட்பார்கள். எஞ்சின் நம்பர் இருக்கும் இடத்தில் அலுமினியம் தேய்த்த மாதிரி வழுவழுப்பாக இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வந்துவிடுவது நல்லது.

என் வண்டியில் நம்பர் எல்லாம் சரியாக இருந்தது, கோளாறு புக்கில்தான். வண்டி யார் பெயரில் பதிவாகியிருந்ததோ அந்தப் பெரியவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது, விற்றவர் அவருடைய மகன். இடையில் இருந்த புரோக்கர் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக் கொடுத்து, 'எல்லாம் கிளியர், நேரா போய் மாத்திக்கலாம்' என்றார். அப்படி மாற்ற முடியாது. உரிமையாளர் இறந்துவிட்டால் முதலில் படிவம் 31-இல், வாரிசுச் சான்றிதழோடு வண்டி வாரிசின் பெயருக்கு வர வேண்டும், அதன் பிறகுதான் நம் பெயருக்கு. போதாக்குறைக்கு அது கையால் எழுதிய பழைய புக், கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. அந்தப் பதிவை ஏற்றினால்தான் மேற்கொண்டு எந்த விண்ணப்பமும் நகரும். விற்றவர் நல்ல மனிதர், கூப்பிட்டபோதெல்லாம் வந்து கையெழுத்துப் போட்டார். அவர் போனை எடுக்காதவராக இருந்திருந்தால் 62,000 ரூபாய் கொடுத்து வாங்கியது ஒரு இரும்புக் குவியலாகவே நின்றிருக்கும். அந்த மாதங்களில் வண்டியைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். ஆகவே யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரை நேரில் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். புக்கில் பேர் மாறும் வரை ஸ்பானரையும் தொடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம், எஃப்.சி. (தகுதிச் சான்று) தொல்லை இருக்காது என்று என்னிடமே சிலர் சொன்னார்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. முதல் ஆர்.எக்ஸ். 100-க்கே அது 2035-இல்தான் வரும். அதுவரை சாதாரண வண்டிக்குரிய வழிதான்: பதினைந்து வருடம் முடிந்ததும் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய இரு சக்கர வாகனத்துக்கான கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் 2,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். பசுமை வரி அதற்கு மேல் தனி.

சரி, பிரிக்கும் வேலைக்கு வருவோம். எஞ்சின் பக்க மூடிகளில் இருக்கும் நட்சத்திரத் திருகுகள் நம் வீட்டு ஸ்குரூ டிரைவருக்கு ஒத்துவராது. அவை ஜப்பானியத் தரத்தில் செய்த திருகுகள், பல திருகுகளின் தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். சாதாரண பிலிப்ஸ் டிரைவரின் முனை அந்தக் குழிக்குள் முழுசாக இறங்காமல் மேலேயே நின்றுவிடும். பலம் கொடுத்தால் வழுக்கி மேலே ஏறிக்கொண்டு திருகின் தலையைத் தின்றுவிடும். என் வண்டி என்னிடம் வரும்போதே பாதித் திருகுகள் அப்படித் தின்று போய், அப்புறம் யாரோ உளியால் தட்டிக் கழற்றிய தழும்போடு இருந்தன. அந்த ஜப்பானியத் தரத்துக்கான ஜே.ஐ.எஸ். முனை ஒன்றும், சுத்தியலால் அடித்தால் தானே திருகும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாய் சுற்றி வரும். மேக்னெட்டை (கிராங்கின் நுனியில் சுற்றி மின்சாரம் தரும் சக்கரம்) கழற்றவும் அதற்கென்று உள்ள புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்கின் நேர் போய்விடும். கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள், ஒவ்வொரு பகுதியின் போல்ட்டையும் தனித்தனிக் கவரில் போட்டு மேலே எழுதி வையுங்கள். பிரித்ததற்கும் பூட்டியதற்கும் நடுவே எனக்கு ஒரு வருடம் போனது. அந்தக் கவர்கள் இல்லாவிட்டால் பூட்டியிருக்கவே முடியாது.

எஞ்சின் புதுசாக போர் போட்டது, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட்டது என்று சொல்லி விற்றார்கள். சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றிக் கரியைத் துடைத்ததும் பிஸ்டன் தலையில் 75 என்ற எண் தெரிந்தது. இந்த எஞ்சினின் போரும் (சிலிண்டர் துளையின் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டுமே 50 மில்லிமீட்டர். தேயத் தேய கால் மில்லிமீட்டர் அளவில் பெரிய பிஸ்டன் போட்டுக்கொண்டே போகலாம்: 0.25, 0.50, 0.75, கடைசியாக 1.00. அப்படியென்றால் எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு போர், அதுவும் முடிந்தால் சிலிண்டருக்குள் புது ஸ்லீவ் (உள் உறை) இறக்க வேண்டியதுதான். விலை பேசும்போதே ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், நான்கு நட்டு வேலைதான். மறுக்கிறவரிடம் அந்த ஒரு போருக்கான விலையைக் குறைத்துப் பேசலாம்.

பெரிய அடி கிராங்கில்தான் விழுந்தது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கான்ராடை மேலும் கீழும் அசைத்தால் டக் டக்கென்று ஆட்டம். பக்கவாட்டில் சற்று ஆடலாம், மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது. ஒரு பட்டறையில் கொடுத்து கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து புது கான்ராட் கிட் போட்டு வாங்கினேன். எஞ்சினைப் பூட்டி ஓட்டினால் நாற்பதைத் தாண்டியதும் கைப்பிடியில் விரல்கள் மரத்துப் போகும் அளவுக்கு அதிர்வு. மறுபடி எஞ்சினை இறக்கி, கேஸைப் பிரித்து, வேறொரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த பெரியவர் கிராங்கை இரண்டு வி-பிளாக் மேல் படுக்க வைத்து, தண்டின் நுனியில் டயல் கேஜின் (நுண்ணிய அசைவைக் காட்டும் மீட்டர்) காலைத் தொட வைத்து, மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். முள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. 'பாருங்க தம்பி, பன்னெண்டு பாயிண்ட் போகுது. மூணுக்குள்ள நிக்கோணும். இதோட ஓட்டுனா பேரிங் என்னத்துக்குங்க ஆகும்?' என்றார். அதாவது ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் பன்னிரண்டு பங்கு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தடித்த செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி ஒரு சுற்று, மறுபடி ஒரு தட்டு என்று அரைமணி நேரம் செய்து முள்ளை அசையாமல் நிற்க வைத்தார். முந்தைய பட்டறையில் டயல் கேஜே வைத்துப் பார்க்கவில்லை. பேரிங், சீல், கேஸ் ஒட்டும் பசை, கூலி எல்லாமாக அந்த ஒரு விஷயத்தில் எனக்குப் போனது ஒன்பதாயிரத்துக்கு மேல், அதோடு ஒரு மழைக்காலம் முழுக்க. கிராங்க் கொடுக்கும் இடத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, 'முள் எவ்வளவு போகுது என்று காட்டுவீர்களா' என்பதுதான். போர் போடும்போதும் இதே மாதிரி ஒன்று உண்டு. புது பிஸ்டனைக் கையோடு கொண்டு போங்கள். அச்சடித்த எண்ணை நம்பாமல் அந்த பிஸ்டனையே மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ப போர் போட்டு ஹோனிங் செய்து தருகிறவர்தான் சரியான ஆள்.

இந்த வண்டியில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் கிராங்க் கேஸும் மூச்சு விடுகிற ஒரு அறை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல் கலவை முதலில் அதற்குள்தான் போகிறது. கிராங்கின் இரண்டு பக்கமும் ஆயில் சீல் இருக்கிறது. கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும், ஆயில் அளவும் குறைந்துகொண்டே வரும், அதைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். மேக்னெட் பக்க சீல் ஆபத்தானது. அது வெளிக்காற்றை உறிஞ்சும், கலவையில் காற்று கூடிப்போய் எஞ்சின் கண்டபடி சூடாகும், ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் லாக் ஆகும். அறிகுறி என்னவென்றால், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கும், பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காபி நிறத்துக்குப் பதில் வெளுத்துப் போயிருக்கும். மெக்கானிக்குகள் இதைப் பெரும்பாலும் கார்புரேட்டர் மேல் போட்டு ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளையுள்ள பாகம்) மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அம்மாவின் பழைய பி.பி. கருவியில் காற்றடிக்கும் ரப்பர் குமிழும் மீட்டரும் நன்றாகவே இருந்தன. பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, சைலன்சர் துளையை சைக்கிள் டியூப் துண்டும் ஒரு தகடும் வைத்து அடைத்தேன். கார்புரேட்டர் இருக்கும் இடத்தையும் அப்படியே அடைத்து, அதில் ஒரு சின்னக் குழாய் விட்டு குமிழை மாட்டினேன். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். இந்தச் சோதனைக்குப் பொதுவாக ஆறு பி.எஸ்.ஐ. அழுத்தம் சொல்வார்கள், பி.பி. மீட்டரின் 300 கிட்டத்தட்ட அதற்குச் சமம். அதுவரை ஏற்றிவிட்டு ஆறு நிமிடம் பார்க்க வேண்டும். எனக்கு முதல் நிமிடத்திலேயே முள் பாதிக்கு இறங்கிவிட்டது. சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். மேக்னெட்டுக்குப் பின்னால் சீலின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக வந்தன. புதிதாகப் போட்ட சீல்தான், ஆனால் டூப்ளிகேட். கம்பெனி பாக்கெட் மாதிரியே அச்சடித்த கவரில் வந்தது. அதை மாற்றி நல்ல சீல் போட்ட பிறகு முள் இருந்த இடத்திலேயே நின்றது. அந்த ஆறு நிமிடமும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த ஒன்றரை வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நிம்மதி அதுதான்.

ஸ்பேர் வாங்கும் விஷயத்தில் என் அபிப்பிராயம் இது: சீல், பேரிங், பிஸ்டன், ரிங், கான்ராட், பிரேக் ஷூ இவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இண்டிகேட்டர், கண்ணாடி, ரப்பர், சீட் கவர் எல்லாம் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் கிடைக்கும். கொஞ்சம் தேய்ந்த ஒரிஜினல் கியர், பளபளக்கும் டூப்ளிகேட் கியரைவிட ஆயிரம் மடங்கு மேல். கார்புரேட்டரும் அப்படித்தான். புதுசு என்று விற்கப்படும் மலிவு கார்புரேட்டரை வாங்குவதைவிடப் வண்டியோடு வந்த பழைய மிக்குனி கம்பெனி கார்புரேட்டரை நன்றாகக் கழுவி, ஊசி, ஜெட், கேஸ்கெட் மாற்றிப் போடுங்கள். ஜெட் துளையில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனரும் காற்றும் போதும்.

டேங்குக்குள் துரு இருந்தால் ஆசிட் ஊற்றிக் குலுக்கச் சொல்வார்கள். நான் சலவை சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ்வை டேங்கிலும் பாசிட்டிவ்வை உள்ளே தொங்கவிட்ட இரும்புக் கம்பியிலும் கொடுத்து ஒரு இரவு விட்டேன். கம்பி டேங்கில் எங்கும் படக் கூடாது. எவர்சில்வர் கம்பியைப் பயன்படுத்தவே கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். இந்த வேலையில் ஹைட்ரஜன் வரும், ஆகவே திறந்த வெளியில் மட்டும், பெட்ரோல் வாசனை துளியும் இல்லாமல் கழுவிய பிறகு செய்யுங்கள். தண்ணீரைக் கொட்டியதும் உடனே காயவைத்து 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) ஊற்றி உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி சிவந்துவிடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். பெட்ரோல் டியூப்பையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் புதுசாகப் போட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காவிட்டால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

இப்போதுதான் பெயிண்ட். அதற்கும் முன்னால் வண்டியைப் பெயிண்ட் இல்லாமலே முழுக்கப் பூட்டி, ஒரு மாதமாவது ஓட்டிப் பாருங்கள். மட்கார்டு துளை ஒத்துவராது, ஸ்டாண்டு இடிக்கும், எங்கேயாவது ஒரு வெல்டு வைக்க வேண்டியிருக்கும். அதெல்லாம் பெயிண்ட் அடித்த பிறகு தெரிந்தால் அடித்தது வீண். எனக்கு வெல்டு வேலை பிரச்சினை வரவில்லை, வேறொன்று வந்தது. ஃபிரேமை சேண்ட் பிளாஸ்டிங் செய்து பவுடர் கோட்டிங் போடக் கொடுத்தேன். சேஸ் நம்பர் இருக்கும் இடத்தை மூட வேண்டும் என்று சொல்லி, சாக்பீஸால் வட்டம் போட்டும் காட்டிவிட்டு வந்தேன். திரும்பி வந்த ஃபிரேம் அழகாக இருந்தது, ஆனால் ஸ்டீயரிங் கழுத்தில் இருந்த நம்பருக்குள் கோட்டிங் நிரம்பியிருந்தது. பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் காட்டியபோது, 'ஃபிரேம் மாத்தின மாதிரி இருக்கே' என்று ஆய்வாளர் சொன்னதும் எனக்குக் கை கால் வெலவெலத்துப் போனது. அவர் மேல் குறை சொல்ல முடியாது, படிக்க முடியாத நம்பருக்கு அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? அந்த ஒரு சதுரத்தில் மட்டும் ரிமூவர் தடவி, சுரண்டாமல், பழைய டூத் பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பென்சில் பிரிண்ட் (நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பது) தெளிவாக வரும் வரை விட்டுவிட்டு மறுபடி காட்டி முடித்தேன். பிளாஸ்டிங்குக்குக் கொடுக்கும் முன்பே நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து, தேதி தெரிகிற மாதிரி போட்டோவும் எடுத்து வையுங்கள். வெப்பம் தாங்கும் டேப்பை நீங்களே ஒட்டிக் கொடுங்கள். ஸ்டீயரிங் கிண்ணம் உட்காரும் இடம், ஸ்விங் ஆர்ம் துளை, எல்லா மரைகளுக்கும் அதே டேப். புக்கில் கருப்பு என்று இருந்தால் கருப்பே அடித்துவிடுங்கள், நிறம் மாற்ற அதற்குத் தனியாக மனுக் கொடுக்க வேண்டும்.

குரோமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிக்கல் தடிமனாகக் கொடுக்கும் இடத்தில் மட்டும் கொடுங்கள். விலை குறைவாகச் செய்து வாங்கிய என் பின் மட்கார்டு அடுத்த மழையிலேயே புள்ளி புள்ளியாகப் பூத்துவிட்டது.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஓட்டிவிடத் தோன்றும். ஆயில் பம்பில் காற்று அடைத்திருந்தால் பிஸ்டனுக்கு ஆயிலே போகாது. அதனால் பம்பின் காற்றுத் திருகைத் திறந்து குமிழி இல்லாமல் ஆயில் வரும் வரை விட்டு, முதல் டேங்கில் பாதுகாப்புக்காகப் பெட்ரோலிலும் கொஞ்சம் 2டி ஆயில் கலந்துவிடுங்கள். பம்பையே கழற்றி எறிந்துவிடச் சொல்லும் மெக்கானிக்குகள் நிறைய. நல்ல நிலையில் இருக்கும் பம்பை விடாதீர்கள், எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஆயில் கொடுக்கும் அருமையான ஏற்பாடு அது. முதல் சில நாள் பத்து நிமிடம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓட்டினேன். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஐம்பதுக்குள், ஒரே வேகத்தில் வெகுநேரம் போகாமல். ஹெட் நட்டுகளை எஞ்சின் ஆறிய பிறகு ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன், ஒரு நட்டு தளர்ந்துதான் இருந்தது.

இப்போது வண்டி ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பிளக் காபி நிறத்தில் இருக்கிறது, ஆக்சிலேட்டரை விட்டால் வேகம் உடனே இறங்குகிறது. ஒரு செட் சீல், ஒரு 1.00 ரிங், ஒரு கிளட்ச் பிளேட் செட் வாங்கி வைத்துவிட்டேன். அடுத்து ஸ்லீவ் இறக்கி ஸ்டாண்டர்ட் பிஸ்டனுக்குப் போவதற்கு இன்னொரு பழைய சிலிண்டர் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அதையும் கிராங்கைச் சரிசெய்த அந்த லேத் பட்டறைப் பெரியவரிடமே கொடுப்பேன்.